கழுத்துக்காரர் வாங்கிய மானிட்டர்

2007 ஆகஸ்ட் 14, செவ்வாய், காலை பத்தே கால் மணி, தூறல். மானிட்டர் வாங்கப் போனால் உலகமே திரையைப் பார்க்கும். அதைத் தாங்கும் கழுத்தைப் பார்த்தவர் எங்கள் கழுத்துக்காரர் ஒருவர்தான். அன்றுதான் அந்தப் பெயரே வந்தது.

எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஒரு விமான டிக்கெட் ஏஜென்சி. அவருக்கு டிக்கெட் கவுண்டர், எனக்குக் கணக்கு. பழைய குண்டு மானிட்டர் செத்துப்போனதால், மலிவாக ஒரு தட்டை மானிட்டர் வாங்கிவர முதலாளி எங்களைப் பண்டார் ஹிலிர் கடைத்தெருவுக்கு அனுப்பினார். ஐந்து நிமிட வேலை என்று நம்பி நான் குடைகூட எடுக்கவில்லை.

நான்கு கடை ஏறினோம். முடிவெட்டுபவர் நம் தலையைத் திருப்புவதுபோல, ஒவ்வொரு மானிட்டரின் கழுத்தையும் பிடித்துத் திருப்பினார். முதல் கடையில் ஸ்டாண்டு வாத்துக்கால்போல விரிந்திருந்தது. மேசையில் ரசீதுப் புத்தகம் வைக்க இடமிருக்காது என்றார். இரண்டாவது பளபளக்கும் வட்டத் தட்டு. மேசையை ஒரு தட்டு தட்டினார், திரை நடுங்கியது. மூன்றாவது நன்றாகத் தலையாட்டியது, திரும்பத்தான் மறுத்தது. பழைய குண்டனே திரும்புவான், இவனுக்கு என்ன சுளுக்கு என்று கேட்டார். உடைந்தால் நீங்கள்தான் வாங்கவேண்டும் அங்கிள் என்று கடைச் சீனப்பெண் மலாயில் கெஞ்சினாள். உடையாததைத்தான் தேடுகிறேன் என்றார் இவரும் மலாயில்.

நாலாவது கடையில் ஒன்று சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் திரும்பியது. விலை முதலாளி கொடுத்த பணத்தைவிட நூற்றிருபது ரிங்கிட் அதிகம். முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கழுத்துக்காரர் போனை வாங்கினார்.

"தம்பி, நான் லீவுல இருந்தப்ப புக்கிட் ரம்பாயிலேருந்து வந்த அம்மா டிக்கெட்டுல பேரு தப்பாப் போச்சே, ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. செத்துப்போன அண்ணன் முகத்தைக் கடைசியாப் பார்க்க முடியல. அன்னிக்கு யாரும் அவங்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டல."

"கஸ்டமர் எதுக்குண்ணே திரையைப் பார்க்கணும்?"

"அது அவங்க பேருலா. அவங்க பார்க்க வேணாமா?"

வாங்குங்க, ஆனால் அதிகப் பணத்தை உங்க சம்பளத்தில் பிடிப்பேன் என்றார் முதலாளி.

"பிடிச்சுக்குங்க."

மாதம் நாற்பதாக மூன்று மாதம் பிடித்தவன் நான்தான், கணக்கு கணக்குதானே. அவர் அந்த மூன்று மாதமும் என்னை மேசைக்கு அழைத்து, புதுக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதன் பிறகு டிக்கெட் எடுத்த ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

ஏஜென்சியை மூடியபோது கழுத்துக்காரர் உயிரோடு இல்லை. பழைய சாமான்காரன் அந்த மானிட்டரை லாரியில் ஏற்றினான், நான் இறக்கினேன். திரை செத்துவிட்டது. கழுத்து இன்னும் சத்தமில்லாமல் திரும்புகிறது. சாயங்காலம் வீட்டில் தேநீர் குடிக்கும்போது எதிரே உள்ள காலி நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பேன்.

சாமான்காரன் அதற்குக் கேட்டது பத்து ரிங்கிட். நான் கொடுத்தது பதினைந்து.