தங்கமீனுக்கு அம்மை போட்ட கதை

எரிச்சலில் வாயைத் திறக்கிறவன் தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொள்வான். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் கெடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை, பின்கட்டில் வீடு. அனந்தபுரத்தில் ஒரு பெண். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அவளை ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா ஆள் அனுப்பிப் பெண் கேட்டாள்; பத்து நாளில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக அவள் அப்பா சொல்லி அனுப்பினார். உடனே மதராஸுக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வந்தேன். (நாகரிகமான மாப்பிள்ளையாம்!) தொட்டி காலியாகத் தெரிந்ததால், செட்டிக்குளத்தில் துண்டு விரித்துப் பிடித்த பொடிமீன்களையும் அதில் விட்டேன்.

ஒரே வாரத்தில் தங்கமீன்கள் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்தார்.

"குளத்து மீனோட வந்த ஒட்டுண்ணிப்பா இது. மீன் தோலைத் தின்னுது. தண்ணியில கொஞ்சம் கல்லுப்பு போடு."

பெண் வீட்டார் வரவேண்டிய நாள் காலையில் உப்பு ஜாடியோடு நின்றேன். அம்மா நான்காவது முறையாகக் கேட்டாள்: "இன்னாடா இது, மேலெல்லாம் கொப்புளமா இருக்குது?"

"ம்... மீனுக்கு அம்மை போட்டிருக்குது. போய் வேப்பிலை கட்டு!" என்று கத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

நான் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் உப்பு ஜாடி பரணுக்குப் போய்விட்டது. அடுப்படியில் தாளிப்பு நின்றுவிட்டது. வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது.

"அம்மை கண்ட வீட்ல மருந்து கூடாதுடா. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிடும்" என்றாள் அம்மா. (தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்கு!)

வாசலில் வேப்பிலை இருந்தால் அந்தக் காலத்தில் வெளியாட்கள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பெண்ணின் அப்பா வில்வண்டியிலிருந்து இறங்கினார், நிமிர்ந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறிவிட்டார். நான் ஈரத்துண்டோடு தெருவில் ஓடினேன்.

"மாமா, நில்லுங்க! வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. மீனுக்குத்தான் அம்மை!"

அவர் வண்டிக்காரரிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "சீக்கிரம் ஓட்டுப்பா. பையனுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு."

இரண்டு நாளில் மீன்கள் செத்தன. மூன்று மாதத்தில் அந்தப் பெண்ணைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கடையில் துணி மடிக்கிற சாக்கில் நான் நிஜமாகவே அழுதேன்.

பிறகு தளவானூரிலிருந்து எனக்கு மனைவி வந்தாள். தாலி கட்டிய வாரமே அம்மா அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். இன்றைக்கும் உடம்பு சரியில்லை என்று நான் முனகினால், நெற்றியில் கை வைப்பதற்கு முன்பே கேட்கிறாள்:

"உங்களுக்கா, மீனுக்கா?"