மாடிப்படிச் சுவரில் ஒரு பட்டாளத்து வம்சம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதினால் வரி கோணும், நடந்ததும் முன்பின்னாகத்தான் ஞாபகத்துக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால் இந்தக் கதையை இத்தனை வருஷமும் என் மகள்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தாள். "எனக்கு வாய் வலிக்குதும்மா, நீயே எழுதிக் குடுத்துரு" என்று நோட்டை நீட்டிவிட்டாள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். துபாயில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இருந்தேன். சார் அவர்கள் நாட்டுப் பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கே ஒரு கம்பெனியில் வேலை. வீட்டு டிரைவர் காசிம், தொண்டிப் பக்கத்துப் பையன், நாலு பாஷை பேசுவான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ் மேடம்', 'நோ மேடம்' இரண்டும்தான். (இதில் 'நோ'வை நான் உபயோகித்ததே இல்லை.)

அந்த வீட்டு மாடிப்படிச் சுவர் முழுக்கப் படங்கள். சாருடைய முப்பாட்டன், பாட்டன், சின்னப் பாட்டன் என்று ஆம்பளை எல்லாம் பட்டாளத்து உடுப்பில் மீசையோடு நிற்பார்கள். அவர்கள் பெரிய நிலச்சுவான்தார் குடும்பமாம். மூத்தவனுக்கு வீடும் நிலமும், இளையவனுக்குப் பட்டாளத்துச் சம்பளம் மட்டும். அதுதான் அவர்கள் வழக்கம் என்று காசிம் சொன்னான். (எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் எல்லாருக்கும் சமபங்கு, அப்புறம் வரப்பில் வெட்டுக்குத்து.)

வெள்ளிக்கிழமை ஆனால் சார் சாப்பாட்டு மேசையில் பாய் அகலத்துக்குக் காகிதத்தை விரித்து வம்ச மரம் வரைவார். உச்சியில் முப்பாட்டன், கீழே போகப் போகப் பிள்ளைகள். மரம் தலைகீழாக வளர்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். நான் துடைக்கும்போது ஒவ்வொரு படத்தையும் காட்டி ஏதாவது சொல்வார், காசிம் தமிழில் சொல்வான். ஒரு வாலிபன் படம் கடைசிப் படிக்கு நேரே இருந்தது, நீள மூக்கு. "இவரு சண்டையில குண்டு பட்டு விழுந்துட்டாராம்க்கா" என்றான். விழுந்தார் என்றுதான் சொன்னான். எழுந்தார் என்று சொல்லவில்லை.

அந்தச் சமயம் ஊரில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கி இருந்தாள். அவளுக்கு அப்பா இல்லை, மாமியாரும் இல்லை. நான் போகாவிட்டால் பிள்ளையை வாங்க ஆள் கிடையாது. என் லீவுக்கோ இன்னும் நாள் இருந்தது. காசிமை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

"மேடம் என்ன சொன்னாங்கப்பா?"

"சாரோட பெரியப்பா லண்டன்லேருந்து வாறாராம். அவரு மனசு குளுந்து திரும்பிப் போனா நீங்களும் போகலாமாம். கோணிட்டுப் போனாருன்னா லீவு மாஃபி, கிடையாது."

பெரியவர் மனசு குளிர்வது சாருக்கும் வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய போர்வாள் இருக்கிறதாம். வீட்டுக்கு மூத்தவரிடம்தான் அது இருக்கும். பெரியவருக்குப் பிள்ளை இல்லை. வாள் சாருக்கா, சாருடைய சித்தப்பா மகனுக்கா என்று போட்டி. தன் கிளைதான் மூத்தது என்று பெரியவருக்குக் காட்டத்தான் அந்த மரமே.

பெரியவர் வருகிற அன்று சாரும் மேடமும் காசிமோடு ஏர்போர்ட் கிளம்பினார்கள். போகும்போது மேடம் மாடிப்படியைக் காட்டி, படங்களைத் துடை, கொஞ்சம் பூ வை என்று முதல் நாள் சொன்னதையே காசிம் மூலம் மறுபடி சொன்னார்கள். ஜாடியில் நாலு பூவைச் சொருகியிருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். எனக்குத்தான் அவ்வளவு புத்தி கிடையாதே! ஒரு குடும்பத்து மூத்தவர் கடல் தாண்டி முன்னோர் படங்களைப் பார்க்க வருகிறார், ஜாடிப் பூவா வைப்பது? முதல் நாளே காசிமை நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற கராமாவுக்கு அனுப்பி மல்லிகைச் சரம், சந்தனம், குங்குமம், ஊதுபத்தி எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர் படத்தைச் சுவரில் மாட்ட மாட்டோம், ஆயுசு குறையும் என்பார்கள். மாட்டினால் போய்ச் சேர்ந்தவர் என்றுதான் அர்த்தம். ஆகவே முப்பாட்டன் முதல் நீள மூக்கு வாலிபன் வரை அத்தனை பேருக்கும் கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மாலை.

அதோடு நின்றேனா? படையல் இல்லாமல் என்ன மரியாதை? செத்தவருக்கு எது பிரியமோ அதை வைக்க வேண்டும். பட்டாளத்துக்காரருக்கு எது பிரியம் என்று எனக்குத் தெரியாதா? கடைசிப் படிக்கு நேரே ஸ்டூல் போட்டு, சாருடைய அலமாரி விஸ்கி ஒரு கிளாஸ், பக்கத்தில் ஒரு சுருட்டு. கும்பிட்டு, "என் பிள்ளை நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும்" என்று எல்லா வெள்ளைக்காரப் பாட்டன்மாரையும் வேண்டிக்கொண்டேன்.

கார் வந்தது. மேடம் உள்ளே வந்து பார்த்து, "பியூட்டிஃபுல்!" என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னால் பெரியவர். எண்பது தாண்டிய ஆள், கைத்தடி, விறைப்பான முதுகு. படிக்குப் பக்கத்தில் வந்தவர் நீள மூக்கு வாலிபன் முன்னால் நின்றார். அப்போதுதான் பக்கவாட்டில் அவர் மூக்கைப் பார்த்தேன்.

அதே மூக்கு.

காசிம் பெட்டியோடு என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீக?"

"அவர்தான்னு யாருப்பா எங்கிட்ட சொன்னா? விழுந்தார்னுதானே சொன்ன!"

"விழுந்தா எந்திரிக்கக் கூடாதா?"

ஆனால் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் படத்துக்குத் தானே ஒரு சல்யூட் வைத்தார். விஸ்கியை எடுத்து ஒரே மடக்கு. சார் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். கடவுள் தப்பிக்க வைத்துவிட்டார், லீவு கிடைத்தது என்று அடுப்படிக்கு ஓடினேன்.

சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. காசிமை அழைத்தார்கள். இந்த மாலை மரியாதை எப்பேர்ப்பட்ட ஆளுக்குச் செய்வது என்று கேட்கிறாராம். காசிம் நல்ல பையன், ஐந்து வேளையும் தொழுகிறவன், பொய் வாயில் வராது. "எங்க நாட்டுல செத்தவங்க படத்துக்குத்தான் சார் இது செய்வாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அதை என்னிடம் தமிழிலும் சொன்னான், பாவி.

சார் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. மேடம் முகம் சுவர் மாதிரி வெளுத்தது. சாகாதவரைச் சாகடித்து, திதியும் கொடுத்து, சுருட்டும் வைத்திருக்கிறேன். லீவாவது ஒன்றாவது, வேலையே கலாஸ், முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, என் வாய் தானாகத் திறந்தது. "தம்பி, ஐயாகிட்ட இதைச் சொல்லு. உசிரோட இருக்குறவரைச் செத்துட்டாருன்னு தப்பா நினைச்சுட்டா அவருக்கு ஆயுசு கெட்டின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. ஐயா நூறு வயசு இருப்பாரு."

காசிம் சொன்னான். பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏதோ சொன்னார். சாருக்குக் காது மடல் வரை சிவந்தது. காசிம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதில் சொன்னான்: "என் தம்பி மக்க எல்லாரும் நான் எப்பச் சாவேன்னு கேக்காமக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தம்மா ஒருத்திதான் ஒளிவு மறைவு இல்லாம காரியத்தையே முடிச்சுட்டாங்கன்றாரு."

சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார் பாருங்கள், பல்செட்டு கையோடு வந்துவிட்டது.

மறுநாள் மேடமே என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர் சொல்லியிருக்கிறார். நான் போய் இறங்கிய அடுத்த வாரம் பேரன் பிறந்தான்.

திரும்பி வந்த பிறகும் அந்த வீட்டில் சில வருஷம் இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெரியவர் லண்டனிலிருந்து போன் போட்டு, தான் இன்னும் உயிரோடு இருப்பதை எனக்குத் தெரிவிக்கச் சொல்வார். சார் போனை வைத்துவிட்டு, வாள் மாட்ட ஆணி அடித்து வைத்திருந்த வெறும் சுவரைப் பார்ப்பார். "உனக்கு லீவு கிடைத்தது, எனக்கு ஆணிதான்" என்று காசிமிடம் சொல்லி அனுப்புவார். எங்கள் வீட்டிலும் இப்போது யாராவது காய்ச்சலில் படுத்தால் போதும், பேரன் சொல்வான்: "அம்மாச்சி, படத்துக்கு ஒரு மாலையைப் போட்டு விடு, பொழைச்சுக்கட்டும்."

இதில் தப்பு இருந்தால் பட்டாளத்து விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபாருங்கள். பெரியவர் பிரிகேடியரா ஜெனரலா என்பது எனக்குக் குழப்பம்தான். வாள் கடைசியில் யாருக்குப் போனது என்றும் தெரியாது. பெரியவர் காலமாகி இருப்பார் என்று மகள் சொல்கிறாள். அதையும் நீங்களே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் நானாக ஒன்றும் முடிவு செய்வதாக இல்லை.