உங்கள் தம்பியின் முகம் பற்றி

மரக்காணம்
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணி ஞானாம்பாள் அவர்களுக்கு, தெய்வநாயகி வணங்கி எழுதுவது.

“என் தம்பி உன்கிட்ட சந்தோஷமாத்தான் இருக்கிறானா?” என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது அண்ணி. மூன்று நாளாக யோசித்தும் தெரியவில்லை. பெரம்பூரில் அனைவரும் நலம் என்று உங்கள் கையெழுத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அத்தனை கோபத்திலும் ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை. இங்குள்ள நலத்தை ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

மாசி மகத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் அவர் எதிரே உட்கார்ந்து சின்ன வயதுக் கதையெல்லாம் சொன்னீர்கள். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இவ மூஞ்சியப் பாத்துப் பாத்து இவனுக்கும் அப்படியே ஆயிடுச்சு” என்றீர்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதால் அதற்கும் பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை என்பது உண்மை. கல்யாணமான நாளிலிருந்தே வீட்டுச் சிரிப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தேன். உப்பளத்து மேற்பார்வை முடிந்து வந்து, யார் யாரோடு சண்டை போட்டார்கள், எவன் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தான் என்றெல்லாம் அவரே நடித்துக் காட்டி அவரே சிரித்துக்கொள்வார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அது போதுமானதாக இருந்தது. இப்போது இந்தப் பார்க்கின்சன் நோய் அதை எடுத்துக்கொண்டது. வீட்டில் வேறு கையிருப்பு இல்லை. அவர் குரலும் தேய்ந்துவிட்டதால் பகல் முழுவதும் இந்த வீட்டில் பேசுவது அளத்துப் பக்கமிருந்து வரும் காற்று மட்டும்தான்.

புதுவை டாக்டர் சொன்னதை உங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். மூளையில் ஒரு நரம்பும் அடுத்த நரம்பும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவே சிறு இடைவெளி உண்டு. இந்தப் பக்கத்து நரம்பிலிருந்து டோபமின் என்ற வேதிப்பொருள் கிளம்பி அந்தப் பக்கத்தில் ஏற்பி என்ற இடத்தில் போய்ப் பொருந்த வேண்டும். ஏற்பியை பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து உட்கார்ந்தால் கண்டக்டர் விசில் ஊதுவார், வண்டி நகரும். உங்கள் தம்பிக்கு சீட்டெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆட்கள் வருவதில்லை. டோபமினைச் செய்கிற செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. ஏன் என்று டாக்டருக்கும் தெரியாது. விசில் வராததால் காலும் நகராது, கன்னமும் நகராது. உள்ளே இருப்பவர் பழைய ஆள்தான், அதை நம்புங்கள் என்றார். அண்ணி, வெள்ளையாகத் தெரிகிற உப்பில் மெக்னீசியம் எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பதுதான் உப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் என் வேலை. நம்புங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அந்த டோபமினையே மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மூளைக்கு வெளியே ஒரு காவல் இருக்கிறதாம், டோபமினை உள்ளே விடாது. மதுவிலக்கு வந்த பிறகு புதுவை எல்லையில் கோட்டக்குப்பத்தில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்க்கிறார்கள் இல்லையா, அதுபோல. சாராயம் இருந்தால் இறக்கிவிடுவார்கள். அதைக் காய்ச்சுகிற வெல்லமும் வேலம்பட்டையும் இருந்தால் போகலாம் என்பார்கள். டோபமின் சாராயம், லெவோடோபா என்ற மாத்திரை வெல்லம். செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் அது டோபமினாக மாறும். இந்த உவமையை டாக்டரிடம் சொன்னேன். “நீங்க எந்த ஊரும்மா?” என்று மட்டும் கேட்டார்.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மேலேயே செய்தது. பல வருஷமாக ஒரு பிரயாணியைக்கூடப் பார்க்காத கண்டக்டர், ஒருவன் ஏறியதும் சந்தோஷத்தில் பத்துத் தடவை விசில் ஊதினால் எப்படி இருக்கும்? ஏற்பிகள் பட்டினி கிடந்தால் அப்படித்தான் ஆகுமாம். நமக்கு மீன் கொண்டுவரும் பாஞ்சாலை வீட்டுக் காதுகுத்துக்குக் குப்பத்துக்குப் போயிருந்தோம். பம்பை அடிக்க ஆரம்பித்த சமயம் பார்த்து இவருக்குத் தோளும் கழுத்தும் தானாக வளைந்து நெளிய ஆரம்பித்தன. பொம்பளைகள் குலவையிட்டார்கள். சாமி வந்துவிட்டது என்று பாஞ்சாலை இவர் காலில் விழுந்து, இந்த வருஷமாவது வலையில் ஏதாவது படுமா என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து இது மருந்தின் அளவு என்றேன், ஏற்பி என்றேன், கண்டக்டர் என்றேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. இவர் நெளிந்தபடியே, அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில், “ஆடிக்கு மேல பாக்கலாம்” என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஆனாலும் குமட்டலும் வாந்தியும் வந்தன. கடைத்தெருவில் கம்பவுண்டர் தனகோடியிடம் இவராகவே போய்ச் சொல்ல, “பக்தவச்சலம் சாருக்கு இல்லாத மாத்திரையா” என்று அவர் ஒன்றைக் கொடுத்துவிட்டார். வாந்தி நின்றது. இவரும் நின்றுவிட்டார். நடுக்கூடத்தில் கையில் செம்போடு நின்றவர் நின்றவர்தான், அரிசிக்கடை எடைக்கல் மாதிரி. நானும் பக்கத்து வீட்டு ஹமீதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்தோம். அந்த மாத்திரை என்ன செய்கிறது என்றால், சன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதைச் செய்கிறது. ஏற்பியின் மேல் துண்டு கிடக்கிறது. வந்த ஆள் உட்கார முடியாது. துண்டுக்காகக் கண்டக்டர் விசிலும் ஊத மாட்டார். நான் போய்த் தனகோடியிடம் இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கும் தூக்கம் கெட்டுப்போச்சுங்க, ஒரு மாத்திர தரட்டா?” என்றார்.

அதை நிறுத்திய பிறகு சில வாரங்கள் நன்றாக இருந்தன. அளத்து வரப்பில் தனியாக நடந்துபோய் வந்தார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஒருநாள் சிரித்தாராம். நான் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. பார்த்தவள் ஹமீதா. “அக்கா, அண்ணன் சிரிச்சாருக்கா” என்று ஓடி வந்து சொன்னாள். எதைப் பார்த்துச் சிரித்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து பாலைப் பொங்கவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வரவில்லை.

அதற்குப் பிறகு மருந்து மெல்ல மெல்லத் தோற்றுவிட்டது. அதே மாத்திரை, அதே வேளை, அதே ஆள். ஆனால் வாசற்படிக்கு வந்தால் கால் ஒட்டிக்கொள்கிறது. டானிக், சத்து மாவு எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டிலிருந்த ஒவ்வொரு பாட்டிலையும் நானே கொட்டினேன். வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை. என் முகம்தான் மிச்சம். உங்கள் கட்சி ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் எழுதியபடியே அவரை அங்கு அனுப்புகிறேன். ஹமீதாவின் தம்பி நிஜாமுதீன் துபாய் வேலை விஷயமாக நாளை மெட்ராஸ் போகிறான், வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். இந்தக் கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கும். உங்கள் வீட்டில் பேச்சு நிறைய உண்டு. அவருக்கு அது நல்லது. நான் வரவில்லை, வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு அசையாத முகங்களை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். “பெரம்பூருக்குப் போறீங்களா?” என்று அவரையும் கேட்டேன். “சரி” என்றார். சோறு போடட்டுமா என்றாலும் இதே சரிதான், விளக்கை அணைக்கட்டுமா என்றாலும் இதே சரிதான்.

சாப்பாட்டில் அவசரப்படுத்த வேண்டாம். கால் ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், தரையில் ஒரு குச்சியைக் குறுக்கே போட்டால் அதைத் தாண்டுவார். பேசுவது கேட்காவிட்டால் கிட்டே போய்க் கேளுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் தம்பியை உங்களிடம் ஒப்படைத்து, உங்கள் ஆசியை வேண்டும்,

தெய்வநாயகி

பி.கு. இந்தக் கடிதம் சட்டைப்பையில் வராமல் தபாலில் வருவதற்கான காரணத்தை எழுத வேண்டியிருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அவர் பெட்டியை அடுக்கும்போது வேட்டிகளுக்கு நடுவே ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. ஹமீதாவின் புருஷன் அப்துல் லத்தீப் துபாயிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை. பாதிக்கு மேல் காலி. லேபிளைப் படித்தேன். வைட்டமின் பி-6 இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும்விட அதைத்தான் கூடாது என்றார்; செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே வெல்லத்தைப் புளிக்க வைத்துச் சாராயமாக்கிவிடும், பிறகு ஒரு சொட்டும் உள்ளே போகாது. ஹமீதா அழுதுவிட்டாள். “அண்ணன் சிரிச்சாரே, இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தா நல்லாயிருக்கும்னுதாங்க்கா குடுத்தேன்” என்றாள்.

“எங்கிட்ட ஏங்க சொல்லல?” என்று இவரைக் கேட்டேன்.

“நீ எத நம்புன?” என்றார்.

இந்தச் சத்து மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களில் பெரம்பூரிலும் குணம் தெரியும். எனவே பயணத்தை நிறுத்தக் காரணமில்லை என்று முடிவு செய்து பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நிஜாமுதீன் பெட்டியோடு ஏறி சீட்டில் துண்டைப் போட்டான். இவர் படிக்கட்டுக்கு முன்னால் நின்றார். கால் எழவில்லை. “ஏறுங்க பெரியவரே, நேரமாவுது” என்றார் கண்டக்டர். நான் என் குடையைத் தரையில் குறுக்கே வைத்தேன். அதைக் குனிந்து பார்த்தார், தாண்டவில்லை.

“பஸ்ல கூட்டம்” என்றார்.

பஸ் முக்கால்வாசி காலி. கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் விசில் ஊதினார். நிஜாமுதீன் சன்னலில் தலையை நீட்டி ஏதோ கத்திக்கொண்டே போனான். இந்த நோயில் நின்ற இடத்தில் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் திரும்பினார். நான் கையைப் பிடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துபோய், நான் குடையை எடுத்துக்கொண்டு வரும்வரை நின்றார். முகத்தில் எதுவும் இல்லை. உற்றுத்தான் பார்த்தேன்.

அவருடைய வேட்டி, சட்டை எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. நிஜாமுதீன் கொண்டுவந்து கொடுத்ததும் திருப்பி அனுப்பிவைக்கவும்.