கொளஞ்சியப்பன் சக்கரம் பொறுக்கிய கதை

பார்த்து வாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்; உங்கள் செருப்புக்கு எத்தனை தையல் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தேங்காயைத் தட்டுவார், வெண்டைக்காய் நுனியை ஒடிப்பார், குடையை விரித்து அதன் வழியே சூரியனை நோக்குவார், விற்பனைக்கு வைத்த கட்டிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, “இடுப்பாண்ட சரியில்லையே” என்பார். கடைசியில், “பார்த்துட்டு வர்றேன்” என்று வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்வார். வாங்கினாரா என்று கேட்காதீர்கள். வாங்குவதெல்லாம் சாமானியர் வேலை.

இந்த இனத்தின் தலைமகன் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை. எண்பத்தேழாம் வருடம் தை மாதத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது: சைக்கிளில் கல்வராயன் மலை ஏற வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்தால் வெள்ளிமலையில்தான் கால் ஊன்றுவது. ஆசையில் என்ன பிழை? காலும் இருந்தது, மலையும் இருந்தது. சக்கரம் மட்டும் தாங்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். கம்பி கோக்கும் நடு அச்சு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கரும்பு வண்டிக்காரர் ஒருவருக்குத் தானம் செய்தார். இனி நல்ல ரிம், நல்ல கம்பி, தானே பொறுக்கித் தானே கோத்துக்கொள்வதாக ஏற்பாடு.

சைக்கிள் கூடத்தில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தது. அவர் மனைவி மணிமொழி அதன் மேல் ஈரத்துணி காயப்போட்டாள்.

லாரன்ஸ் சைக்கிள் கடையில் அன்று தொடங்கிய பூசையை என்னவென்று சொல்வது! ரிம்மை நூலில் தொங்கவிட்டு விரலால் சுண்டி, அது ஓயும்வரை காதை வைத்துக் கேட்பார். கம்பியைத் தரையில் உருட்டி, கோணலாய் ஓடியதை ஒதுக்குவார். ஒதுக்கியதை மறுநாள் எடுத்துப் பல்லில் கடித்து, “இதுவும் மோசமில்லை” என்பார். முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு, பின்சக்கரத்துக்கு நாற்பது, ஆக எழுபத்திரண்டு கம்பிகளையும் பொறுக்கி முடித்து, அதில் இரண்டு மட்டும் ஒத்து ஒலிக்கவில்லை என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த நாளில், கடை வாசலில் நின்ற எருமை கண்ணீர் விட்டது. கடைத்தெருவே சாட்சி. அவர் ரிம் பார்க்கத் தொடங்கியபோது பெண் பார்த்த எதிர்வீட்டுப் பையனுக்கு இதற்குள் கல்யாணமாகி, மாமனாரோடு சண்டையும் ஆகிவிட்டது.

ஆடியில் ஒரு விடிவு பிறந்தது. பாண்டிச்சேரியிலிருந்து யாரோ கொண்டுவந்த அலுமினிய ரிம் இரண்டு. கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. கொளஞ்சியப்பன் அவற்றில் மீசையைப் பார்த்தார், பிடித்துவிட்டது, ஆச்சரியம், வாங்கியே விட்டார்!

லாரன்ஸ் ஒன்றை எடுத்து ஒரு சுற்றுத் திருப்பினான்.

“அண்ணே, இதுல எத்தினி ஓட்டை?”

“அதையெல்லாமா எண்ணுவாங்க? பளபளப்பப் பாருப்பா.”

“ரெண்டுலயும் முப்பத்தாறு. உங்க பின்னச்சுல நாப்பது. மிச்சம் நாலு கம்பிய எங்க சொருவறது, என் காதுலயா? முன்னச்சுல முப்பத்திரண்டுதான். அங்க நாலு ஓட்டை சும்மா பல்லு காட்டும்.”

ஆறு மாதம் கடித்தும் சுண்டியும் பார்த்தவர் எண்ண மறந்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் முகமோ மலர்ந்தது.

“அப்போ அச்சு வேற பார்க்கணும்!”

இப்படி அச்சு பார்க்கும் படலம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மணிமொழிக்கு அந்தக் கடிதம் வந்தது. பயிற்சி முடித்து நான்கு வருடம் காத்திருந்தவள். சங்கராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் கடிதத்தை நான்காய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டில் மரங்கள் விழுந்தன. பஸ் ஒன்றுகூட நகரவில்லை. ஊரிலிருந்த வாடகை சைக்கிளையெல்லாம் விடிவதற்குள் யார் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மணிமொழி ஈரத்துணியை உதறி எறிந்து, சக்கரமில்லாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாள். கடையில் கொளஞ்சியப்பன் ஓர் அச்சைக் காதருகே வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“லாரன்சு, ஏதாவது ரெண்டு சக்கரம் மாட்டு.”

“ஏதாவதா?” கொளஞ்சியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்ததிலிருந்து இவ்வளவு அசிங்கமான வார்த்தையைக் கேட்டதில்லை.

“ஏதாவதுதான். உருண்டையா இருந்தா போதும்.”

“அவசரப்படாத மணி. ஞாயித்துக்கெழம சேலத்துலேந்து ஒரு அச்சு வருது, அதப் பார்த்துட்டு...”

“பஸ்ஸே வரல, அச்சு வருதாம்! நீங்க பார்த்துக்கினே இருங்க. நான் போய்க்கினே இருக்கேன்.”

லாரன்ஸ் பரணிலிருந்து இரண்டை இழுத்துப் போட்டான். முன்னது துருப்பிடித்தது. பின்னது ஒரு பால்காரரிடம் உழைத்து ஓய்ந்தது. இருபது நிமிடம். எட்டு மாதமாய் நடக்காதது இருபதே நிமிடத்தில் நடந்து முடிந்ததைப் பார்த்தபோது கொளஞ்சியப்பன் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். சக்கரம் இவ்வளவு சுலபமா? அப்படியானால் அடுத்தது மலைதானே? அந்த ஏற்றத்தை அவர் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். பார்த்த அன்றே முட்டி வலித்தது. இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மணிமொழி புடவையைத் தூக்கிச் செருகி, குறுக்குக் கம்பிக்கு மேலே காலைப் போட்டு மிதித்தாள். பாதி வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. மறியல்காரர்கள் சேதியைக் கேட்டதும் நாலு பேராய்ச் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். தூக்கியவர்களில் பூமாலை என்ற ஒருவன் மட்டும் இறக்க மாட்டேன் என்றான்.

“யக்கா, இன்னாக்கா ரிம்மு இது? முன்னால ஒரு தினுசு, பின்னால ஒரு தினுசு! எங்க வாங்கின? பார்த்து வாங்கக் கூடாதா?”

மணிமொழிக்குப் புரிந்துவிட்டது. அந்த இனம் இங்கேயும் இருக்கிறது.

“தம்பி, உங்க உரிமைக்கு நீங்க நிக்கிறீங்க. என் வேலைக்கு நான் போறேன். சைக்கிள வுடு.”

“வுடுடா பூமாலை, டீச்சரு போவட்டும்!” என்று கூட்டமே கத்தியது. இன்னும் போய்ச் சேராதவளை டீச்சர் என்று முதலில் கூப்பிட்டது அந்தப் புளியமரத்தடிதான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் திரும்பி வந்தவளைக் கொளஞ்சியப்பன் தாண்டிப் போனார். நேரே குனிந்து முன்சக்கரத்தைச் சுழற்றினார்.

“அரை விரக்கடை ஆடுது. இதுலயா போன?”

“இதுலதான் போனேன். தெனமும் இதுலதான் போவேன். நீங்க பொறுமையா பார்த்து வைங்க. நான் ரிட்டயர் ஆவற அன்னிக்கு மாட்டிக்கலாம்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தை வாங்கிய அன்று, கடையில் மேலே இருந்த பிரதியைத் தொடாமல், அடியிலிருந்து மூன்றாவதை உருவி, மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பார்த்தது யார்? மேலே இருந்ததிலும் இதே கதைதான் இருந்தது.