கொலைகாரனுக்கு நான் தேடிக் கொடுத்த தாய்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் புலம்பெயர்ந்து வந்த புதிதில், பார்க்டேலில் ஒரு சனிக்கிழமை காலை நான் சொன்ன கதைதான் அதற்குக் காரணம்.

அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (கைரேகையே அழிந்துவிட்டதால் சோதிடரும் என்னைக் கைவிட்டிருந்தார்.) பக்கத்து நூலகத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் தேடினார்கள். ஒருநாள் சொல்லிக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. பொறுப்பாளர் டொறத்தி, இந்த அமெரிக்கக் கண்டத்து நாட்டார் கதை ஏதாவது சொல்லச் சொன்னார். முயலும் நரியும் வரும் கதைகள் எத்தனையோ இருந்தன. நான் அட்டையில் துப்பாக்கி இருந்த தடித்த புத்தகத்தை எடுத்தேன்.

அமெரிக்காவில் காடு வெட்டிக் குடியேறிய காலத்துக் கொள்ளைக்காரர் இருவரின் கதை அது. எங்கிருந்தோ வந்தார்கள். முப்பது வழிப்போக்கர்களைக் கொன்று, வயிற்றில் கல்லை நிரப்பி ஆற்றில் தாழ்த்தினார்கள். அண்ணன் தம்பியா, மச்சான்மாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. கல் நிரப்புவதை நான் நடித்தே காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். தமிழ் தெரியாத டொறத்தி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

தன் கடைசிப் பிள்ளையோடு வந்திருந்த பவளம் அன்ரி கையை உயர்த்தினார்.

"தம்பி, உவங்கள் ஆர் பெத்த பிள்ளையள்?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது, அன்ரி."

"தெரியாமல் எப்பிடி? ஒரு ஊர் இருக்குமே. தாய் தேப்பன் இருப்பினமே."

மற்றத் தாய்மாரும் முணுமுணுத்தார்கள். முப்பது கொலையைச் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஊர் பேர் தெரியாததுதான் பொறுக்கவில்லை. டொறத்தியின் சிரிப்பு குறைவதைக் கண்டேன். பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஸ்கொட்லாந்து, அன்ரி."

"அங்கை எந்தப் பக்கம்?"

"கடற்கரையிலையிருந்து கொஞ்சம் உள்ளுக்கை. தேப்பன் தபாற்கந்தோரிலை வேலை. தாய் பள்ளிக்கூடத்திலை ரீச்சர்."

"ரீச்சரோ!" அன்ரியின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்ல குடும்பந்தான். கூட்டாளிமார் கெடுத்திருப்பினம்."

"அந்த மனிசி என்ன பாடுபட்டிருக்கும்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் அந்தத் தாயின் மூட்டுவலி வரைக்கும் போய்விட்டேன் (வெட்கமே இல்லை எனக்கு).

முடிந்ததும் கதை எப்படி என்று டொறத்தி அன்ரியிடம் கேட்டார். எனக்கு உதவுவதாக நினைத்து அன்ரி தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டினார்.

"வெரி குட் ஸ்ரோறி, மேடம். தேர்ட்டி பீப்பிள் ஃபினிஷ். ஸ்ரோன் இன் ஸ்ரொமக். பட் மதர் ரீச்சர்."

டொறத்தி புத்தகத்தைப் புரட்டி, இதில் தாயைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று அன்ரிக்கு முன்னாலேயே சொன்னார். அப்போது இருவரும் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. திங்கட்கிழமை பழையபடி கோப்பைகளோடு நின்றேன். அழுகை வந்தது, சவர்க்காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசப் போனோம். பெண்ணின் தாயார் சாட்சாத் பவளம் அன்ரி! ஊர், தகப்பன் எல்லாம் உண்மையாகவே சொன்னேன். "அம்மா ரீச்சர்" என்றதும் அன்ரி தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். பிறகு நாலு மாதம் லண்டன், பாரிஸ், கொழும்பு என்று தொலைபேசியில் விசாரணை நடந்தது. அம்மாவிடம் படித்த இரண்டு பேரைக் கண்டுபிடித்த பிறகுதான் ஓம் என்றார்.

இன்றும் யாருக்காவது என் அம்மாவை அறிமுகம் செய்தால் மாமி இடையில் புகுந்துவிடுவார்.

"இவ உண்மையிலேயே ரீச்சர்தான். நான் விசாரிச்சனான்."