சாதிர்குல் இன்னும் சாகவில்லை

சுவரடியில் யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சினாராவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தாள். நான்கு. உயிரோடு இருப்பவருக்கு யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கறுப்புப் பூச்சின் மேல் சாம்பல் நிறக் கோடுகளில் கிழவர் சாதிர்குல் தொப்பியோடு முறைத்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை வரை அது அவளுக்கு ஓவியமாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் அசல் கல்லறைக் கல்!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பாலிக்ச்சி ஊரின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்குக் கீழே, நிலவறையில், பள்ளிக்கூடத்தைக் கைகழுவிய பிள்ளைகளுக்காக ஓர் ஓவிய அறை நடத்திவந்தாள். பிள்ளைகள் அந்த அறையையும் கைகழுவியிருந்தார்கள். அப்பா அம்மா ரஷ்யாவில் கூலி வேலை. இவர்கள் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒண்டிக்கொண்டு, பகலெல்லாம் கார்க் கொட்டகைகளுக்குப் பின்னால் புகைத்துக்கொண்டு நிற்பார்கள். நகராட்சி அதிகாரி எஸெங்குல் ஒருநாள் வந்து பார்த்தபோது அறையில் ஒரு பூனைதான் இருந்தது. வருகிற சனிக்கிழமைக்குள் பிள்ளைகள் சேர்ந்து உருப்படியாக ஒன்றைச் செய்து காட்டாவிட்டால், சாவி மரச்சாமான் வியாபாரிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

சினாரா கொட்டகைக்கே போய்க் கெஞ்சினாள். முற்றத்துச் சுவரில் உங்களுக்கு வேண்டியவர் யாரையாவது வரையுங்கள் என்றாள். பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது சாதிர்குலை. தினமும் ஜன்னலைத் திறந்து "தடிமாடுகளா" என்று கத்துகிறவரை.

"ஏன்டா அவரு?" என்று கேட்டாள்.

"எங்ககிட்ட தெனமும் பேசுற ஒரே ஆளு அவருதானேக்கா" என்றான் தாலாய்.

தாலாய்க்குக் கல்லறைக் கல் செதுக்கும் மாமா பட்டறையில் எடுபிடி வேலை. முகம் என்றால் அவனுக்கு அந்த ஒரு மாதிரிதான் வரையத் தெரியும். பட்டறையில் மிஞ்சிய கறுப்புப் பூச்சையும் அவனே கொண்டுவந்தான். ஐந்து பேர் சேர்ந்து, சண்டை போடாமல், வாரம் முழுக்க வேலை செய்தார்கள். அந்தப் பூரிப்பில் அவளுக்குக் கண் மறைத்துவிட்டது.

சாதிர்குல் கண்ணை எதுவும் மறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வெந்நீர் ஊற்றில் தங்கிக் குளிக்கப் போயிருந்தவர் திரும்பி வந்ததும், முதல் மாடிப் பெண்மணி அவரைப் பார்த்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் சுவருக்கு எதிரே வந்து நின்றார்.

"என்னை எப்போ புதைச்சீங்க?" என்றார்.

சினாரா பதறிப்போய், இப்போதே வெள்ளையடித்துவிடுகிறேன் என்றாள். கிழவருக்கு இன்னும் கோபம் வந்தது. உயிரோடு இருப்பவன் முகத்தை அழித்தால் அதைவிட அபசகுனம் வேறு உண்டா? தொடக்கூடாது. ஆனால் பார்க்கிறவன் இவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைக்க வேண்டும். என்ன செய்வாயோ ஏது செய்வாயோ, செய்.

அவர் மனைவி பூருல் சாது. சத்தமே இல்லாத மனுஷி. அவள்தான் வழி சொன்னாள். பேரையும் பிறந்த வருஷத்தையும் கீழே எழுதிவிட்டால், இந்த வீட்டில் குடியிருக்கிற இன்னார் என்று தெரிந்துவிடுமே. நல்ல யோசனையாகத்தான் பட்டது. தாலாய் அழகாக எழுதினான். வருஷத்துக்குப் பக்கத்தில், கை பழக்கத்தில், ஒரு சிறு கோடும் போட்டு இடம் விட்டுவிட்டான்.

"அந்தக் கோடு எதுக்குடா?"

"எப்பவும் போடுறதுதானேக்கா. அந்தப் பக்கத்தை அப்புறமா எழுதுவோம்."

கோட்டை அழிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். செத்த வருஷத்தைக்கூட இன்னும் எழுதவில்லை, அவ்வளவு திடீரென்று நடந்திருக்கிறது என்று நாரின் மலையில் இருக்கும் பங்காளிகள் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த நாளே சனிக்கிழமை. எஸெங்குல் கண்ணில் இந்தக் கல்லறைக் கல் பட்டால் சாவி போய்விடும்; அவர் வருவதற்குள் சுவரை எப்படியாவது மறைத்து, பிள்ளைகளை வைத்து வேறெதையாவது செய்து காட்ட வேண்டும். தங்கை மகனிடம் ஒரு கம்பளிக் கூடாரம் இருக்கிறது, சுவருக்கு முன்னால் போட்டுவிடலாம் என்றாள் பூருல். முற்றத்தில் கூடாரம் எழுந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தமாயிற்றே என்று சினாரா தயங்கினாள். "விழாவுக்கும் அதைத்தானேம்மா போடுறோம்?" என்றாள் பூருல். அதுவும் சரிதான். பிள்ளைகள் கூடாரத்தை எழுப்பினார்கள். ஒருநாளும் பெஞ்சை விட்டு எழுந்திராத எர்மெக்கூடக் கட்டையைத் தூக்கினான். ஆனால் கூடாரம் வட்டம், சுவர் உயரம். கூடாரத்துக்கு மேலே கிழவரின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

உழைத்த பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று பூருல் முற்றத்திலேயே எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்தாள். அப்படி எழுகிற எண்ணெய் மணம் செத்தவர்களின் ஆவிக்கான படையல் என்பது யாருக்குத்தான் தெரியாது? பாலிக்ச்சிக் காற்று அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பத்து மணிக்குத் தெருமுனையில் இரண்டு வேன் வந்து நின்றது. நாரின் பங்காளிகள் இறங்கினார்கள். முறைப்படி, இறங்கிய இடத்திலிருந்தே கைகளை விலாவில் ஊன்றிக்கொண்டு ஓலமிட்டபடி ஓடிவந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, என்ன ஏது என்று கேட்காமல், நகராட்சி அதிகாரி எஸெங்குலும் ஓலமிட்டுக்கொண்டு வந்தார். சாவு வீட்டுக்குள் சும்மா நடந்து வர அவருக்கென்ன மரியாதை தெரியாதா?

முன்னால் ஓடிவந்த பங்காளி, "மலை போல நின்னவனே, ஒருத்தன் சொத்துக்கும் ஆசைப்படாதவனே" என்று பாதி சொல்லும்போது கூடாரத்துத் துணியை விலக்கிக்கொண்டு சாதிர்குல் டீக்கிண்ணத்தோடு வெளியே வந்தார். பங்காளியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"ஏன் நிறுத்திட்டே? முழுசாச் சொல்லு" என்றார் சாதிர்குல்.

சினாராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறை போயிற்று, பிள்ளைகள் மறுபடி கொட்டகைக்குப் பின்னால் போகப் போகிறார்கள் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வந்தவர்கள் ஆட்டை அறுத்துப் பாதியைக் கொண்டுவந்திருந்தார்கள். கறியைத் திருப்பி எடுத்துப் போகவா முடியும்? அடுப்பு மூட்டினார்கள். தாலாய் கைகழுவத் தண்ணீர் ஊற்றினான், எர்மெக் விறகு பிளந்தான், யாரிடமும் பேசாத பெண் பெகிமாய் கிண்ணம் கிண்ணமாக டீ ஊற்றி, நாரின் கிழவிகளிடம் சுவர்க் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தாள். சாதிர்குல் நடு இடத்தில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய நல்ல வார்த்தைகளை ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். வராதது அவருடைய மூத்த மகன் ஒருவன்தான். ரஷ்யாவில், தொலைதூர யாகூத்ஸ்கில் இருக்கிறான், அவன் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சாகாதவனுக்கு அழுதோம் என்று வாட்ஸப் குழுவில் எழுத வெட்கப்பட்டுப் பங்காளிகளும் மூச்சு விடவில்லை.

எஸெங்குல் வயிறு நிறையச் சாப்பிட்டார். பிள்ளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சினாராவைத் தனியே கூப்பிட்டார்.

"இதுங்க இவ்வளவு வேலை செஞ்சு நான் பாத்ததில்லம்மா. அறை உனக்குத்தான். ஆனா நான் ஓலம் போட்டுக்கிட்டு ஓடிவந்ததை ஊரே பாத்துருச்சு. இருட்டறதுக்குள்ள சுவரு வெள்ளையா இருக்கணும். இல்லேன்னா சாவியை வாங்கிக்குவேன், பாத்துக்க."

சினாராவுக்கு உயிர் வந்தது. சாதிர்குலும் மசிந்துவிட்டார். ஆட்டுக்கறி தின்றாயிற்று, இனி எந்த அபசகுனமும் அண்டாது என்றார். கூடாரத்தைப் பிரித்தார்கள், வெள்ளைப் பூச்சைக் கலக்கினார்கள். ஐந்து பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள், ஒருத்தரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சினாரா தூரிகையைத் தோய்த்துச் சுவருக்குக் கொண்டுபோனாள்.

பூருல் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்:

"இன்னிக்கு வேணாம்மா. 'அப்பா உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்'னு சத்தியம் பண்ணிட்டுப் போன பெரியவன், படத்தைப் பாத்துட்டு அழுதுக்கிட்டே விமானம் ஏறியிருக்கான். வருஷம் எழுதச் சொன்னதும், கூடாரம் போடச் சொன்னதும், எண்ணெய் காயவச்சதும் பின்ன எதுக்குன்னு நெனச்சே? நாளைக்குக் காலையில அவன் உள்ள வந்து ஒரு வாய் டீ குடிக்கிறவரைக்கும் இவரு செத்தே இருக்கட்டும்."