பூஜைக்குப் போன கால்குலேட்டர்

குளுவாங்,
வியாழக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கும் அக்காவுக்கும் காளிதாஸின் வணக்கம். தெப்ராவில் நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உங்கள் தங்கை அன்னலட்சுமிக்கு ஒன்றுமில்லை. உங்கள் மருமகள், என் மகள் ரூபினிக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை, அதை விடுங்கள்.

இந்தக் காலத்தில் யார் கையால் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுத் தொலைபேசிகள் மூன்றும் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி காணவில்லை. உங்கள் எண் அந்தத் தொலைபேசிக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் செல்வா சனிக்கிழமை தெப்ராவுக்குக் காய்கறி லோரி ஓட்டிப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பத்திரிகைக்குக் குளுவாங் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், முக்கியமானதை முதலில் சொல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன்படி சொல்கிறேன். இந்த வாரக் கடைசியில் தொடங்கும் பள்ளி விடுமுறை முழுவதும் ரூபினியை உங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவிட வேண்டும். இந்த வீட்டில் இருந்தால் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வை உருப்படியாக எழுதாது.

காரணங்களை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். டிரயல் தேர்வில் கூடுதல் கணிதத்தில் அவளுக்குச் சி கிடைத்தது. மற்றப் பாடங்கள் பரவாயில்லை. மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போய், பிறகு மருந்தியல் படிக்க வேண்டும் என்று நான்காம் படிவத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதற்கு இந்தச் சி உதவாது. அந்தத் தாளுக்குப் போன காலையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. இனி இந்த வீட்டுக்கு வேறு வேலை கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன். நான் ஓய்வு பெற்றவன், என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் சத்தத்தை ஒழித்தேன். தொலைக்காட்சிக்கு வேட்டி போர்த்தினேன். மிக்ஸியை நிறுத்தச் சொன்னேன், அன்னம் சட்னியை நிறுத்திவிட்டாள். பிறகு தொலைபேசிகளைப் பிடுங்கினேன். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று என்னுடையதையும் சேர்த்துத்தான் பூட்டினேன். "அப்பா, பழைய கேள்வித்தாள், விடை எல்லாம் டீச்சர் க்ரூப்லதான்பா போடுறாங்க," என்றாள் ரூபினி. "நாங்க படிச்ச காலத்துல க்ரூப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன். "நீங்க கூடுதல் கணிதம் படிச்சீங்களா?" என்றாள். அது விஷயத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி. ஆனால் அவள் தன் தொலைபேசியில் ஏதோ அலாரம் வைத்திருந்திருக்கிறாள் போலும். தினமும் மாலை நாலு மணிக்கு அலமாரிக்குள்ளிருந்து சேவல் கூவுகிறது. ஒரு தடவை கூவி நிற்பதில்லை, விட்டு விட்டுக் கூவுகிறது. அலமாரியைத் தட்டினால் அதுவும் சத்தம். இதில் பிள்ளை எப்படி மச்சான் படிக்கும்?

அடுத்து, எஸ்.பி.எம். கருத்தரங்கு ஒன்று ஆயர் ஈத்தாமில் நடக்கிறது என்று பதாகை பார்த்து, காலையிலேயே காரில் கூட்டிப் போனேன். அவளை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு, மண்பானைக் கடைகளைச் சுற்றி ஒரு பூந்தொட்டி வாங்கிக்கொண்டு வெளியில் காத்திருந்தேன். மதியம் வெளியே வந்தவளின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்றேன். "அது அப்பா அம்மாங்களுக்கு உள்ள கருத்தரங்குப்பா. பிள்ளை பரீட்சை எழுதுறப்ப பெத்தவங்க எப்படி நடந்துக்கணும்னு. எல்லாரும் என்னைப் பாத்து, நீ எந்தப் பிள்ளையோட அம்மான்னு கேட்டாங்க." அந்தப் பதாகையில் யாருக்கு என்ற விவரத்தை அவ்வளவு சின்னதாகப் போட்டது அமைப்பாளர்களின் தவறு. ஆனால் ரூபினி பொறுப்பான பிள்ளை, உட்கார்ந்து ஒரு பக்கம் நிறையக் குறிப்பு எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். பத்திரமாக வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்து ஆற அமரப் படிக்கலாம் என்றிருக்கிறேன்.

கோயில் விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகளின் பேனாவைச் சரஸ்வதி முன்னால் வைத்துப் பூஜை செய்து கொடுப்பது எங்கள் கோயிலில் வருடா வருடம் நடப்பதுதான், உங்கள் பக்கமும் உண்டு. ரூபினி படிக்கட்டும் என்று பேனாப் பையை நானே எடுத்துப் போனேன். கூடவே கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டேன். ஐயர் பேனாக்களைத் தட்டில் கொட்டிக்கொண்டு, "இது எதுக்கு சார், பேனா போதும்," என்றார். "பேனா மேல ஒரு குறையும் இல்ல ஐயரே, இதுதான் சி எடுத்துச்சு," என்றேன். பின்னால் வரிசை நீளமாக நின்றதால் அவர் வாதாடவில்லை. பூஜை மிக நன்றாக நடந்தது. கடைசியில் பன்னீர் தெளித்தபோது நம்முடையதன் மேல் சரியாக விழவில்லை என்று எனக்குப் பட்டது. "இதுக்குக் கொஞ்சம் கூட விடுங்க," என்றேன், விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏழு வேலை செய்யவில்லை. எட்டும் ஒன்பதும் அருமையாக வேலை செய்கின்றன, ஏழு மட்டும் அமுங்கினால் எழும்புவதில்லை. ரூபினி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். "கேள்வியில ஏழே வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டீங்களாப்பா?" என்றாள். அழுவாளோ என்று பயந்தேன். சிரித்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதோடு முடியவில்லை. அலமாரிச் சாவி யார் கண்ணிலும் படக்கூடாது என்று அந்தப் பேனாப் பைக்குள்தான் ஒளித்து வைத்திருந்தேன். ஐயர் பையைத் தட்டில் கவிழ்த்தபோது சாவியும் விழுந்திருக்க வேண்டும். பூஜை முடிந்து அவரவர் அள்ளிக்கொண்டதில், குளுவாங்கில் ஏதோ ஒரு பிள்ளை திருநீறு பூசிய அலமாரிச் சாவியோடு படித்துக்கொண்டிருக்கிறது. பூட்டை உடைக்க ஆள் கூப்பிடலாம், ஆனால் சுத்தியல் சத்தம் ரூபினியின் படிப்பைக் கெடுத்துவிடும்.

தொலைபேசியை யாரும் எடுக்காததால் உறவுக்காரர்கள் பயந்துவிட்டார்கள். லாபிஸிலிருந்து என் அண்ணன் மணியம், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். படிக்கிற பிள்ளைக்கு வாங்கி வந்தார்களாக்கும் என்று பார்த்தால் என் மடியில் வைத்தார்கள். அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒழுங்கா சாப்பிடுறியா? வா, ரயில் ஸ்டேசன் கடையில போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வருவோம்," என்று அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு போனார். காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மத்தியானம் பூராவும் போய்விட்டது. நான் இல்லாத வீட்டில் ரூபினியிடம் யார் மைலோ கொடுத்து, எவ்வளவு முடிந்தது என்று கேட்டிருப்பார்கள்? சாதாரணமாக நான் அரை மணிக்கொரு தடவை கேட்பேன்.

இரு தரப்பையும் கேட்டு எழுதுவது என் பழக்கம் என்பதால் அன்னம் சொன்னதையும் பதிவு செய்கிறேன். "அவ படிக்கிறா. நீங்கதான் பரீட்ச எழுதப் போற மாதிரி நடக்குறீங்க. அவ கை சூடாத்தான் இருக்கு, வேணும்னா தொட்டுப் பாருங்க லா." தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. காய்ச்சலாக இருக்குமோ என்று தெர்மாமீட்டர் வைத்தேன், சரியாக இருக்கிறது.

ஆகையால் மச்சான், நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். ரூபினி தொந்தரவு கொடுக்கிற ஆள் இல்லை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, காலையில் ஒரு காப்பி போதும். ரூபினியிடம் தொலைபேசியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ரூபினி சரியாகத் தூங்குகிற மாதிரி அக்கா பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வைப் பற்றி ரூபினியிடம் யாரும் பேச்செடுக்க வேண்டாம், மனசு கலங்கிவிடும். விடுமுறை முடியும்வரை வைத்திருந்தால் போதும், பிறகு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் முருகன் நீண்ட ஆயுளையும், எங்களுக்குக் கூடுதல் கணிதத்தில் ஒரு ஏ-யையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
காளிதாஸ்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மாலை. அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும் என்று அன்னத்துக்கும் ரூபினிக்கும் இதை வாசித்துக் காட்டினேன். சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. அலமாரிக்கு இன்னொரு சாவி முதல் நாளிலிருந்தே அன்னத்திடம் இருக்கிறதாம். அவர்கள் இருவருடைய தொலைபேசிகளும் அன்றைக்கே வெளியில் வந்துவிட்டன. உள்ளே கூவுகிற சேவல் என்னுடையது. நாலு மணி மைலோவுக்காக நான் வைத்த அலாரத்தை நானே மறந்துவிட்டேன். அண்ணன் குடும்பத்தை வரச்சொன்னதும் அன்னம்தான், என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் ரூபினி தன் தோழி ஷர்மினியின் கால்குலேட்டரை வாங்கி, கூடுதல் கணிதத் தாள் ஒன்றை முழுதாக எழுதி, படம் பிடித்து டீச்சருக்கு அனுப்பியிருக்கிறாள். "இப்படியே எழுதினால் பயமில்லை" என்று டீச்சர் போட்ட பதிலைக் காட்டினாள். இரண்டு தடவை படித்தேன்.

கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "எதுக்குப்பா, நல்லாத்தானே எழுதியிருக்கீங்க. பேரு மட்டும் மாத்தினா சரியாப் போச்சு," என்றாள். ஆகவே மேலே உங்களிடம் கேட்டிருக்கும் இடங்களில் ரூபினி என்று இருப்பதைக் காளிதாஸ் என்று படித்துக்கொள்ளவும். விடுமுறை முடியும்வரை என்பதைத் தேர்வு முடியும்வரை என்று திருத்திக்கொள்ளவும். அழைத்துக்கொள்ள அவளே வருவாளாம். அந்தக் கருத்தரங்குக் குறிப்பை நான் அங்கே படிக்க வேண்டும், தினமும் நாலு மணிக்கு உங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு எவ்வளவு முடிந்தது என்று கேட்பாளாம். அன்னம் என் பையை அடுக்கிவிட்டாள்.

நாளை செல்வாவின் லோரியில் இந்தக் கடிதத்தோடு நானும் வருகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கேட்டுக்கு வெளியே பூந்தொட்டியை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பேன். அவசரமில்லை, முழுதும் படித்துவிட்டே திறவுங்கள்.